ஒரு லாரி எரு

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இவர், நான், மாடுகள் எல்லோரும் நடமாடுகிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

பத்து வருஷம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நாம் கத்த ஆரம்பித்துவிடுவோம். கடிதத்தில் கத்தினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. அதனால்தான் தபால்.

வியாழக்கிழமை உன் தோட்டத்து வாசலுக்கு ஒரு லாரி வரும். பயப்படாதே, அதில் நான் இல்லை. நன்றாக மக்கிய மாட்டெரு இருக்கிறது. துணிமணி அனுப்பினால் திருப்பி அனுப்புவாய். பழம் அனுப்பினால் தபால்காரர் கையிலேயே கொடுத்துவிடுவாய். எருவை வேண்டாம் என்று சொல்ல மட்டும் எந்தத் தோட்டக்காரிக்கும் வாய் வராது. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் ரயில் பாதையோரம் நகராட்சியின் துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துப் பீன்ஸ் போடுகிறாள் என்று உன் பழைய ஆஸ்பத்திரித் தோழி சொல்லித்தான் தெரியும். கூடப் பிறந்தவளுக்கு மூன்றாம் மனுஷி சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது.

இது எந்த மாடுகளின் எரு என்று உனக்கே தெரியும். இவர் வேலையை விட்டுவிட்டு மாடு வாங்கலாம் என்றபோது முதலில் உன்னிடம்தான் வந்து கேட்டேன். "ரொம்ப நல்ல யோசனைடி" என்றாய். மற்றவர்கள் எல்லோரிடமும் "சுத்தப் பைத்தியக்காரத்தனம்" என்றாய். நீ அப்படி நினைத்ததில் எனக்குக் கோபமில்லை. ஊருக்கெல்லாம் சொன்னதை என்னிடம் மட்டும் சொல்லவில்லையே என்றுதான்.

போகட்டும். ஐந்து மாடு இருபதாகிவிட்டது. அவை உனக்கு வணக்கம் சொல்லி அனுப்பியிருக்கின்றன என்று வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை

பிப்ரவரி 20

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சுகம். முழங்கால் சொன்னபடி கேட்கிறது. வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா? உன் பெண் பட்டாணி எப்படி இருக்கிறாள்? நான் பார்த்தபோது பள்ளிக்கூடப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போவாள். இப்போதும் அவளைப் பட்டாணி என்று கூப்பிடலாமா, அடிப்பாளா?

லாரி வந்தது. வாசல் குறுகல் என்பதால் டிரைவர் மொத்தத்தையும் நடைபாதையில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். தோட்டக்காரர்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். பக்கத்து நிலத்துக் கணக்கு வாத்தியார், அவரும் ஓய்வு பெற்றவர்தான், ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சிஸ்டர், இது எருவா? தங்கம்!" என்றார். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதீங்க சார்" என்று சொல்லி அவருக்கு நான்கு கூடை அள்ளிக் கொடுத்தேன். மீதி முழுவதையும் என் பாத்திகளில் போட்டு நானே கொத்திக் கலந்தேன்.

எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். எருக்குவியலைப் பார்த்து அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. வார்டில் இருந்தவளுக்குக் கட்டில் பக்கத்தில் ஒரு வாய், வராந்தாவில் ஒரு வாய். கட்டில் பக்கத்தில் "ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்." உள்ளதையெல்லாம் வராந்தாவில் பேசிக்கொள்வோம். உன்னையும் கட்டிலில் படுத்தவளாக நினைத்துவிட்டேன்.

பீன்ஸும் தக்காளியும் போட்டிருக்கிறேன். காய்த்ததும் முதல் கூடை உனக்கு.

உன் வீட்டுக்காரருக்கு என் நன்றியைச் சொல்.
அக்கா

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. இங்கே எனக்கு மட்டும் லேசாக இருமல்.

இவர் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறார். கேட்டால் "மாட்டு டாக்டர் பில் வரணும்" என்கிறார். மாட்டு டாக்டர் தபாலில் பில் அனுப்பி நான் பார்த்ததில்லை. நேற்று பால் கறந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "உங்க அக்கா எருவைப் பத்தி அப்புறம் ஏதாவது எழுதினாங்களா?" என்று கேட்டார். பத்து வருஷமாக உன் ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருக்கிற மனுஷன். பாவமாக இருந்தது.

பீன்ஸ் கொடி ஏறியதா? தக்காளி பூத்ததா? நாலு வரி எழுதினால் போதும்.

பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை

ஏப்ரல் 9

அன்புள்ள வாயாடிக்கு,

உன் இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர் குடி. நான் நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு, கொஞ்சம் வேலை.

பீன்ஸ் நன்றாக முளைத்தது. எரு ரொம்ப நல்ல எரு. அதை உன் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்.

வெயில் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. நகராட்சிக்காரர்கள் குழாயைச் சரிசெய்து கொடுத்தார்கள். வாத்தியாருடைய தக்காளிக்குத்தான் ஏதோ கோளாறு. நுனி இலையெல்லாம் நூல் நூலாகச் சுருண்டு நிற்கிறது. அவர் வைரஸ் என்கிறார். ஒரு நாள் வெள்ளை ஈ என்கிறார், மறுநாள் விதைக்கடைக்காரனைத் திட்டுகிறார்.

மாடுகளுக்குப் புல் உங்கள் நிலத்திலேயே விளைகிறதா, வெளியில் வாங்குகிறீர்களா? சும்மாதான் கேட்டேன்.

வேறு விசேஷமில்லை.
அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வெந்நீர் குடித்தேன், இருமல் போய்விட்டது. நீ சுகமா?

உன் கடிதத்தை இவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "எரு ரொம்ப நல்ல எரு" என்ற வரியை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து போய்த் தொழுவத்தைக் கழுவினார். காலையில்தான் கழுவியிருந்தார்.

புல்லைப் பற்றிக் கேட்டாயே. எங்கள் நிலத்துப் புல் இருபது மாட்டுக்குக் காணாது. போன வருஷத்திலிருந்து ஒரு பெரிய பண்ணையிலிருந்து காய்ந்த புல்கட்டு வாங்குகிறோம். அவ்வளவு சுத்தம்! ஒரு முள், ஒரு களை, ஒரு வேண்டாத இலை கிடையாது. இவர் அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பிரித்துக் காட்டுவார்.

இப்போது பெரிய செய்தி. பட்டாணி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாள்! பக்கத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். ஒரு கல்லூரி விடுதியின் சமையலறைக்கு வருஷம் முழுக்கப் பீன்ஸ், பட்டாணி, தக்காளி கொடுப்பதாகப் பேச்சு. மண் கொஞ்சம் சத்தில்லாத மண். கடையில் உரம் வாங்கலாமா என்று யோசித்தாள். நான்தான் உன் கடிதத்தைக் காட்டி, "பெரியம்மாவே சொல்லியாச்சு, அப்புறம் என்னடி" என்றேன். மே மாதத் தொடக்கத்தில் இரண்டு லாரி எரு அவள் நிலத்துக்குப் போகிறது.

இதையும் பைத்தியக்காரத்தனம் என்பாயா? இந்த முறை என் முகத்துக்கு நேரே சொல்லிவிடு.

அன்புடன்,
தங்கை

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று உன் போன் வந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் குரல் கொஞ்சமும் மாறவில்லை. வயசானது எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது. நாம் கத்தவே இல்லை, கவனித்தாயா?

ஆனால் நீ ஏதோ சொல்ல வந்தாய். "அந்த எரு..." என்று ஆரம்பித்தாய். நான் அவசரப்பட்டு, "பீன்ஸ் எப்படி இருக்கு? பட்டாணி நிலத்துல எல்லாம் தயார்" என்று இடையில் விழுந்தேன். "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று இரண்டு தடவை சொல்லி வைத்துவிட்டாய். உடம்பு சரியில்லையா? மறைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை முதல் லாரி, செவ்வாய்க்கிழமை இரண்டாவது. பட்டாணி புது மண்வெட்டி வாங்கிப் பிடியைத் துணியால் சுற்றி வைத்திருக்கிறாள்.

நலம் விரும்பும்,
தங்கை

மே 2
கூரியரில்

வாயாடி,

நலம் விசாரிக்க நேரமில்லை. பட்டாணியின் நிலத்தில் அந்த எருவைப் போடாதீர்கள். போட்டிருந்தால் மழைக்கு முன் வாரி எடுத்துவிடுங்கள். இதைப் படித்த நிமிஷமே அவளுக்குச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

என் பீன்ஸ் முளைத்தது உண்மை. மூன்றாவது இலையிலிருந்து ஒவ்வொரு இலையும் கிண்ணம் போல மடங்கியது. கொடி ஏறவே இல்லை. தக்காளி நுனி நூலாகிவிட்டது. வாத்தியாரின் தக்காளியை எழுதினேனே, என்னுடையதும் அதே கதிதான். அவர் நான்கு கூடை போட்ட இடத்தில் மட்டும் கெட்டிருக்கிறது, மற்ற இடத்தில் செழிப்பாக இருக்கிறது. "நிரூபிக்காம எதையும் சொல்லக் கூடாது சிஸ்டர்" என்று பழைய டப்பாக்களில் பீன்ஸ் போட்டோம். பாதி டப்பாவில் எரு கலந்த மண், பாதியில் பாதையோர மண். எரு போட்ட டப்பாக்கள் எல்லாவற்றிலும் இலை மடங்கியது. பாதையோர மண்ணில் ஒன்றுகூட மடங்கவில்லை.

செடியைப் பிடுங்கி வேளாண்மை ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். அந்த அதிகாரி அம்மா பார்த்ததுமே, "மாட்டெரு போட்டீங்களா? மாடு என்ன புல் தின்னுச்சு?" என்று கேட்டார். புல் வயல்களுக்கு ஒரு களைக்கொல்லி அடிக்கிறார்களாம். அது புல்லை விட்டுவிட்டு மற்ற இலையை மட்டும் கொல்லும். மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. சாணத்தோடு வெளியே வந்துவிடும், ஆனால் எரு மக்கினாலும் மருந்து மக்காது. பீன்ஸ், பட்டாணி, தக்காளிக்குத் துளி போதும். அவ்வளவு சுத்தமான புல் என்று நீ எழுதினாயே, அது எப்படிச் சுத்தமானது என்று பண்ணைக்காரரிடம் கேள்.

இது ஏப்ரல் ஒன்பதாம் தேதி உனக்கு எழுதும்போதே எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பத்து வருஷம் கழித்து நீ அனுப்பிய ஒரே பொருள். உன் மாடுகள். அதைக் கெட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என் துண்டு நிலம் ஒன்றுதானே போச்சு, போகட்டும் என்று நினைத்தேன். பட்டாணியின் நிலம் அதற்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரியாது.

தெரிந்ததும் நேற்று போன் செய்தேன். உன் சிரிப்பைக் கேட்டதும் வார்டு வாய் வந்துவிட்டது. வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் பயந்து போனேன். பேச்சை நம்பினால் மறுபடியும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வேன். பட்டாணியின் எண்ணும் என்னிடம் இல்லை. எழுத்தில் ஓடி ஒளிய முடியாது என்று எழுதிவிட்டேன்.

அக்கா

ஜூன் 10

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

கூரியர் கம்பெனியில் விசாரித்தேன். செவ்வாய்க்கிழமையே கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். உன்னிடமிருந்து பதிலில்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை. எடுக்காததில் இப்போது எனக்கு நிம்மதி இல்லை.

என் பாத்திகளின் மேல்மண்ணை வாரி ஓர் ஓரமாகக் குவித்துவிட்டேன். அதைக் குப்பைக்குழியில் போடக்கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. அடிமண்ணைத் தினமும் கொத்திப் புரட்டுகிறேன். காற்றும் ஈரமும் பட்டால் மண்ணில் இருக்கும் கிருமிகள் மெல்ல அந்த மருந்தைத் தின்றுவிடுமாம். வாத்தியார் தன் பங்குக்குக் கொத்துகிறார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பட்டாணியின் நிலம் என்ன ஆயிற்று? அதை மட்டுமாவது எழுது.

அக்கா

ஜூலை 3

அக்கா,

உயிரோடு இருக்கிறோம்.

கூரியர் வந்தபோது வீட்டில் இவர் மட்டும்தான். உன் கையெழுத்து, அதுவும் கூரியரில் என்றதும் ஏதோ ஆபத்து என்று பிரித்திருக்கிறார். படித்ததும் மனுஷன் செருப்புக்கூடப் போடாமல் நிலத்துக்கு ஓடி வந்தார். இரண்டாவது லாரி பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. "இறக்காதீங்க! என் எருதான், விஷம், இறக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார். வேலையாட்கள் எல்லோர் முன்னாலும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் புல்லைப் பிரித்துக் காட்டிய மனுஷன்.

முதல் லாரியைத் திங்கட்கிழமையே உழுது கலந்தாகிவிட்டது. அன்று இரவே மழை. வாரி எடுக்க ஒன்றுமில்லை.

ஆகவே கணக்கு இதுதான். நிலத்தில் பாதி பிழைத்தது, உன் மே மாதக் கடிதத்தால். பாதி போனது, உன் ஏப்ரல் கடிதத்தால். இரண்டு மாதமாக இதில் எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை.

பண்ணைக்காரரைக் கேட்டோம். "ஒரு களைகூட இல்லாம சுத்தமா வேணும்னு நீங்கதானே சார் கேட்டீங்க" என்றார். அந்தப் புல்லை நிறுத்திவிட்டோம். எருக்குழியைத் தார்ப்பாயால் மூடி, யாருக்கும் கொடுப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு உன்மேல் கோபம், அக்கா. மாடு வாங்கியது தப்பு என்று நீ நினைத்தாய், சொல்லவில்லை. எரு கெட்டது என்று தெரிந்தது, சொல்லவில்லை. நீ நல்லவளாக இருப்பதற்கு ஒவ்வொரு தடவையும் நான் வட்டி கட்டுகிறேன். என்னை அழவிடக் கூடாது என்று நீ ஏன் முடிவு செய்கிறாய்? நான் அழுதால் என்ன? அழுதுவிட்டு எழுந்து வேலையைப் பார்ப்பேன். இருபது மாடு வைத்திருப்பவளுக்கு அழுதுகொண்டே இருக்க நேரமிருக்காது.

இப்போது ஒரு வேலை. குத்தகையைத் தொடர்வதா, விட்டுவிட்டு மறுபடி ஆபீஸுக்குப் போவதா என்று பட்டாணி இந்த மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். நான் எதைச் சொன்னாலும் "அம்மா அப்படித்தான் சொல்லுவே" என்கிறாள். "இந்த மாதிரி கெட்ட மண்ணுல கை வெச்சவங்க பெரியம்மாதான். அவங்க சொல்லட்டும்" என்கிறாள். இவ்வளவுக்குப் பிறகும் உன்னைத்தான் கேட்கிறாள், அவளுக்கு என்ன தலையெழுத்தோ. எழுது. "எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதினாயானால் அந்தக் கடிதத்தை மாட்டுக்குப் போட்டுவிடுவேன்.

தங்கை

ஜூலை 12

அன்புள்ள வாயாடிக்கும் பட்டாணிக்கும்,

உங்கள் வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்று விவரமாக எழுதுங்கள். என் முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறேன். ஒரு வருஷமாக இப்படித்தான்.

பட்டாணி, நீ கேட்டதற்கு வருகிறேன். கெட்டுப்போன பாதியில் இந்த வருஷம் பீன்ஸ் வராது. பட்டாணி வராது. தக்காளி வராது. அடுத்த வருஷம் வருமா என்று அதிகாரி அம்மாவைத் துருவித் துருவிக் கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் நிலத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். பச்சைப் பசேலென்று நிற்கிறது. நீயும் போட்டால் வரும். ஆனால் அதைப் பார்த்து மண் தேறிவிட்டது என்று நினைக்காதே, அந்த மருந்து புல் சாதியை ஒன்றும் செய்யாது. அறுத்த தட்டையையும் எருவுக்குப் போடாதே. அவ்வப்போது ஒரு டப்பாவில் அந்த மண்ணை எடுத்துப் பீன்ஸ் போட்டுப் பார். போன வாரம் நான் போட்டதில் இலை மறுபடியும் மடங்கித்தான் வந்தது. முன்பைவிடக் குறைவு என்று வாத்தியார் சொல்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

விடுதிக்காரர்களிடம் நாளைக்கே போ. பாதிதான் தர முடியும், ஏன் என்றும் சொல்லிவிடு. காய் இல்லாத நாளில் போய் நிற்காதே. அவர்கள் வேறு ஆளைப் பார்க்கலாம். பார்த்தால் குத்தகையை விட்டுவிடு, அதில் அவமானம் ஒன்றுமில்லை. பாதி போதும் என்றால் வைத்துக்கொள். ஆனால் இரண்டு வருஷம் முதுகு ஒடியும், கையில் ஒன்றும் நிற்காது. உன் அம்மா உதவுவாள். நான் வந்து கொத்துகிறேன் என்று எழுத ஆசை, அவ்வளவு தூரம் வர முழங்கால் விடாது.

வாயாடி, இது உனக்கு. உன் எரு என் தோட்டத்தைக் கெடுத்துவிட்டது. எனக்கும் கோபம். புல்லைப் பற்றி அதிகாரி அம்மா சொன்னபோது, என்ன புல் என்று பார்க்காமல் மாட்டுக்குப் போட்ட உன் வீட்டுக்காரர்மேல் வந்தது, பெருமையாக லாரி அனுப்பிய உன்மேலும் வந்தது. அதை விழுங்கிவிட்டுத்தான் நல்ல எரு என்று எழுதினேன். இருபது மாடு உனக்கு அதிகம் என்றும் நினைக்கிறேன். வெளிப்புல் இல்லாமல் அவற்றுக்கு எதைப் போடப் போகிறாய்? பாதியை விற்றுவிடு. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். ஒரு நல்ல செய்திகூட இல்லை. கடைசியில் ஆறுதலாக ஒரு வரி சேர்க்கலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தால் சேர்த்துவிடுவேன். அதனால் ஒட்டி, இப்போதே தபாலில் போட்டுவிடுகிறேன்.

அக்கா